ஓயாக்கரையில் நாலுக்கு நாலு

1979 மே 13, ஞாயிறு

விடியும்போதே தூறல். கன்று நட நல்ல நாள் என்றார்கள். எனக்கு இல்லை. முதலாளி ஞாயிறென்றும் பாராமல் தையல் கடைக்கு வரச் சொன்னார். கல்யாணச் சட்டைகள் பதினொன்று, பொத்தான் துளை மட்டும் மிச்சம். கூலியில்லாமல் கூடி உழைக்கும் சிரமதானக் குழுவின் தலைவர் அவர், செயலாளர் நான். செயலாளரைத் தையலில் உட்காரவைத்துவிட்டுத் தலைவர் குடையோடு ஓயாக்கரைக்குப் போய்ப் படம் பிடித்துக்கொண்டார். கையில் மண்வெட்டி. காலில் பொலிஷ் போட்ட சப்பாத்து.

பதினோரு மணிக்கு ஓடினேன். அநேகமாக நட்டு முடிந்திருந்தது.

ஐந்து மாதமாகக் குப்பை அள்ளிய வேலை. ஓயா எங்கள் சிற்றாறு. அதற்கு அந்தப் பக்கம் கடைவீதி. இந்தப் பக்கம் எங்கள் லயங்கள், வரிசை வீடுகள்; தேயிலைத் தோட்டத்தின் பணிய கணக்கு, கீழ்ப்பிரிவு. கடைவீதிக் குப்பை வண்டிகள் பாலம் தாண்டி வந்து எங்கள் கரையில் கொட்டும். தங்கள் மூக்குக்குக் கீழே நாறக்கூடாதாம். நாற்பது வீட்டுக்கு ஒரு பீலி, ஒரே தண்ணீர்க் குழாய், அதுவும் கோடையில் மூத்திரம் போல ஒழுகும். துணிக்கும் குளிக்கவும் ஓயாக்கரைக் கற்கள்தான் கதி. அந்தக் கற்களைப் பத்து வருடமாகக் குப்பை மூடிக் கிடந்தது. பெண்கள் துணி மூட்டையோடு ஒன்றரைக் கட்டை, ஒன்றரை மைல், மேலே நடந்தார்கள். யாருக்கும் வெட்கமில்லை.

அள்ளியவற்றில் நினைவில் நிற்பவை:
– போத்தல் ஓடு. கணக்கில்லை. என் இடது காலில் இன்னும் ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன்.
– மாட்டுக் கொம்பு, ஒரு சாக்கு.
– பஸ் சீற் ஒன்று. முழுசாக.
– செத்த நாய். இரண்டு.
– எங்கள் கடைத் துணிவெட்டு. பச்சைத் துண்டொன்றை நானே சேற்றிலிருந்து இழுத்தேன். என் கத்தரி வெட்டிய துண்டு.

குழுவின் தீர்மானம் என் கையெழுத்தில் இருக்கிறது: வேலி கிடையாது, வாசல் கிடையாது, பலகை கிடையாது. காடாக விடுவது. டவுன் ஆள் உட்காரலாம், லயத்து ஆள் துவைக்கலாம், குருவி கூடு கட்டலாம். முந்நூறு கன்று வந்தது: நாவல், சப்பு, கித்துள், மூங்கில்.

கீழ்மூலையில் கிடக்கும் கொஞ்சம் போக, மிச்சமெல்லாம் கயிறு பிடித்து, முளைக்குச்சி அடித்து, வரிசை வரிசையாக நிற்கின்றன. ஓயாவோடு வளைந்து வளைந்து, இடையில் தண்ணீர் ஓடக் கான் வெட்டி. அசல் தேயிலை மலை. வேலையை நடத்தியவர் வீரமுத்துக் கங்காணி (இனி வீ.க., முழுப்பெயர் எழுத மை வீண்). பழைய கறுப்புக் கோட்டு, மேலே பொத்தான் இல்லை. கயிற்றின் நுனியில் ஒற்றைக்கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"என்னாங்க இது?"

"ஏன், கண்ணு தெரியலயா? நாலுக்கு நாலு. நூலு புடிச்சாப்ல."

"காடு போடத்தானங்க சொன்னோம்? காடு இப்பிடியா இருக்கும்?"

"காட்ட எவன் புள்ள நட்டான்? நடுறதுன்னா இப்பிடித்தான்."

அளவு கம்போடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். அடுத்த வீட்டுக் காம்பராச் செல்லம்மாக்கா: "பிலோ புள்ளைக்கு மரமெல்லாம் சண்ட போட்டுக்கிட்டு நிக்கணுமாம்." என் அம்மாவும் சிரித்தாள். அதுதான் எரிந்தது.

மே 15, செவ்வாய்

மழை. கடையின் பின்ஜன்னல் ஓயாவைப் பார்த்தது. தைக்கும்போது நிமிர்ந்தால் அந்த வரிசைகள்தான். நிமிராமல் தைத்தேன். ஊசி ஒன்று உடைந்தது.

கோட்டு தைக்க வந்த ஒருவன்: "என்ன, தோட்டத்துக்காரங்க கீழ வரைக்கும் தேயில போட்டுட்டாங்களா?"

பேக்கரி சிறிசேன பாணோடு வந்தார். ஐந்து மாதமும் தவறாமல் குப்பை அள்ளிய ஒரே கடைக்காரர் இவர்தான். கன்றுகளை நேர்சரியிலிருந்து லொறியில் கொண்டுவந்ததும் அவரே. ஜன்னலால் எட்டிப் பார்த்தார். நங்கி என்பார் என்னை, தங்கச்சி என்று.

"அனே நங்கி, ஒங்க ஆளு காட்டையும் பெரட்டுல நிப்பாட்டி வச்சாச்சே."

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. காலை ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புவது போலத்தான் இருக்கிறது அது. நூற்றைம்பது வருடமாக நிற்க வைத்தார்கள். இப்போது யாரும் சொல்லாமலே நாங்களாக நிற்கிறோம், கையில் அகப்பட்ட மரத்தையும் நிற்க வைக்கிறோம். இதைச் சொன்னால் திமிர் பிடித்தவள். ஆறாம் வகுப்புக்கு மேல் படித்த பெண் எல்லோரும் திமிர் பிடித்தவர்கள்.

சீனி முடிந்தது. வாங்க வேண்டும்.

மே 20, ஞாயிறு

கூட்டம். கோயில் முன்னால், சாக்கு விரித்து. நான் எழுந்து சொன்னேன்: வரிசையைக் கலைத்து மறுபடி நட வேண்டும். பார்த்தால் தோட்டம் மாதிரி இருக்கிறது. தோட்டம் மாதிரி இருந்தால் ஒருநாள் தோட்டமாகிவிடும்.

வீ.க.: "புடிச்ச கன்ன புடுங்கி மறுபடி வைக்கணுமா? வேரு என்னா ரப்பரா?"

முதலாளி: "வரிசையா இருந்தா அழகுதானே. நடுவுல உக்கார ரெண்டு வாங்கு போடுவோம். வாப்பா பேர்ல ஒண்ணு."

"வாங்கும் கிடையாது, பேரும் கிடையாது. தீர்மானத்துல இருக்கு."

"அது நீ எழுதினதுதானே."

"நீங்க கையெழுத்து வச்சது."

செல்லம்மாக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். யாரும் எனக்கு ஆதரவில்லை. கடைசியில், கீழ்மூலையில் இன்னும் நடாமல் கிடந்த ஒரு துண்டை எனக்கு விட்டார்கள். மிச்சக் கன்று முப்பத்தொன்று. "ஒங் காட்ட நீ போட்டுக்க."

போட்டேன். கயிறு இல்லை, முளைக்குச்சி இல்லை, கான் இல்லை. ஆனால் குழி வெட்டப் போனால் கை தானாக நாலடி தள்ளித்தான் போகிறது. நான் கொழுந்து பறித்ததே ஒரு வருடம்தான். அதற்குள் இந்த உடம்புக்கும் ஏற்றிவிட்டார்கள். பிறகு ஒரு வழி செய்தேன். கூழாங்கல்லை எடுத்துத் திரும்பி நின்று தோளுக்குப் பின்னால் எறிந்தேன். விழுந்த இடத்தில் குழி.

வீ.க. கோட்டுப் பையில் கைவிட்டபடி மேலிருந்து பார்த்தார். "மாடு மேஞ்ச எடம் மாதிரி இருக்கு" என்றார், எனக்குக் கேட்கட்டுமென்று.

அம்மா இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு வாளியோடு வரிசைகளுக்கு ஊடாக ஓயாவுக்கு இறங்கினாள். எதிரே செல்லம்மாக்கா ஏறினாள். ஒரு கன்றும் மிதிபடவில்லை. மலையில் நடந்து பழகிய கால்கள்.

மே 24, வியாழன்

காலையில் வெயில், பிறகு இருட்டிக்கொண்டு வந்தது. பின்ஜன்னலால் பார்க்கிறேன்: ஓயாக்கரையில் கண்டாக்கையா. தோட்டத்தில் மலை வேலையை மேய்க்கும் ஐயா, லயத்துப் பக்கம் பேதி வந்தபோதுகூட எட்டிப் பார்க்காதவர். வரிசை வரிசையாக விரல் நீட்டி எண்ணினார். சட்டைப்பைப் புத்தகத்தில் எழுதினார். போனார்.

அம்மா மலையிலிருந்து வந்ததும் கேட்டேன். தெரியாது என்றாள். வீ.க.விடம் மட்டும் கண்டாக்கு கேட்டிருக்கிறார், "யாரு நூலு புடிச்சது? நல்லா இருக்கே." இந்த ஆள் நெஞ்சை நிமிர்த்தி, "நான்தானுங்க" என்றிருக்கிறார்.

பல்லைக் கடித்தேன்.

மே 29, செவ்வாய்

பலகை வந்துவிட்டது.

காலையில் கடைக்குப் போகப் பாலத்தில் ஏறினால், கரை நடுவே புதுப் பலகை, இரண்டு மரக்கால் ஊன்றி: 14A. வெள்ளையில் கறுப்பு. மேலே இருப்பது பதினாலாம் நம்பர் மலை. இது அதன் குட்டியாம். பக்கத்தில் தோட்டத்து வாச்சர், கையில் கம்பு. துணி மூட்டையோடு இறங்கிய நாலு பெண்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான்.

"புதுக் கன்னு மலை. மிதிக்கக் கூடாது. தொரை ஓடர்."

"நாங்க நட்டதுடா அது!"

"நீங்க நட்டாத் தோட்டம் நட்டதுதான? நீங்க யாரு ஆளு?"

பெண்கள் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். நான் பஸ் சத்தத்தில் கேட்காதவள் மாதிரி நின்றேன். இதை எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

மத்தியானத்துக்குள் கதை முழுதும் தெரிந்தது. இந்த வருடம் புதிதாக எவ்வளவு நட்டோம் என்று தோட்டத்து மனேஜர் தொரை மேலிடத்துக்குக் காட்ட வேண்டுமாம். துப்புரவாக்கி, நட்டு, கானும் வெட்டிய நிலம் சும்மா கிடக்கிறது. அடுத்த மாதம் முள்ளுக்கம்பி அடித்துவிடுவார்கள். அப்புறம் கற்களும் இல்லை, கரையும் இல்லை. பெண்கள் மறுபடி ஒன்றரைக் கட்டை நடக்க வேண்டியதுதான்.

குப்பையாய்க் கிடந்த பத்து வருடமும் இது யாருக்கும் சொந்தமில்லை.

சாயங்காலம் வீ.க.வை லயத்து முனையில் பிடித்தேன்.

"சந்தோசமா? ஒங்க நூலு வேலிய இழுத்துக்கிட்டு வந்துருச்சு."

"நான் என்னா புள்ள செஞ்சேன்? நடச் சொன்னீங்க, நட்டேன்."

"கயிறு எங்க எடுத்தீங்க?"

தோட்டத்து ஸ்டோரில் எடுத்தாராம். கயிறும் முளைக்குச்சியும் அலவாங்கும். ஞாயிற்றுக்கிழமைதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று. தோட்டத்துக் கயிறு, தோட்டத்துக் குச்சி, தோட்டத்துக் கங்காணி, தோட்டத்து ஆட்கள், தோட்டத்து அளவு. இனி எந்த நீதவான் வந்து பார்த்தாலும் என்ன சொல்வான்?

ஜூன் 3, ஞாயிறு

அரசாங்கக் காணி அலுவலகத்துக்குப் பெட்டிசம். தமிழில் எழுதியது நான், இரண்டு பக்கம். சிங்களத்தில் எழுதியது சிறிசேனவின் மகள். நன்றாக வந்திருந்தது. ஓயாவின் ஓரம் அரசாங்க ஒதுக்கு நிலம், தோட்டத்தின் காணிப்படத்தில் இல்லை, பொதுமக்கள் சுத்தம் செய்து நட்டார்கள், பொதுமக்களுக்கே இருக்க வேண்டும்.

கையெழுத்து வாங்கும்போது முதலாளி தலையைச் சொறிந்தார்.

"பிலோ, கோவிச்சுக்காத. பிரஜாவுரிமை இருக்கிற ஆளுக மட்டும் வச்சாத்தான் பலமா இருக்கும். இல்லாட்டி, பொதுமக்கள்னு யாரைச் சொல்றீங்கனு கேப்பாங்க."

லயத்தில் எண்ணினால் ஏழு பேர். அம்மாவுக்கு இல்லை. எனக்கும் இல்லை. நாங்கள் பிரஜாவுரிமைக்கு மனுப்போட்டுவிட்டுக் காத்திருக்கும் சாதி. செல்லம்மாக்கா வீட்டில் இந்தியாவுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது, நாள்தான் வரவில்லை. நாளை இராமேஸ்வரத்தில் இறங்கப் போகிறவள் இன்று இங்கே மூங்கிலுக்குக் குழி வெட்டினாள். அவள் பொதுமக்கள் இல்லை. குப்பையைக் கொட்டிய கடைக்காரன் பொதுமக்கள். முதல் ஆளாக வந்து கையெழுத்து வைத்தான், படமும் எடுக்கச் சொன்னான்.

செயலாளர் எழுதிய பெட்டிசத்தில் செயலாளரின் பெயர் இல்லை.

பேனாவை மூடியில்லாமல் முதலாளியின் வெள்ளைச் சட்டைப்பையில் வைத்தேன்.

ஜூன் 5, செவ்வாய்

சிறிசேனவோடு நுவரெலியா, காலை பஸ். குளிர், பனிமூட்டம், முன்சீட்டில் வாந்தி. காணிக் கந்தோரில் மூன்று மணி நேரம் வாங்கில். பெட்டிசத்தை வாங்கி, முத்திரை குத்தி, "வந்து பாப்பம்" என்றார்கள். சிறிசேன கரட் ஒரு கட்டு வாங்கினார். பாதியை எனக்குத் தந்தார்.

"வருவாங்களா அய்யே?"

"வரும் நங்கி. நம்ம பாண் மாதிரி. கொஞ்சம் லேட்டு."

ஜூன் 7, வியாழன்

இரண்டு நாள் விடாத மழை. ஓயா பாலத்தைத் தொட்டுவிட்டது. காலையில் பார்த்தேன். என் மூலை இல்லை.

முப்பத்தொரு கன்றும் போய்விட்டன. மண்ணே போய்விட்டது. சிவப்புப் பள்ளம், அதில் ஒரு ரப்பர்ச் செருப்பு. யாருடையதோ.

வீ.க.வின் வரிசைகள் அப்படியே நிற்கின்றன. கான்கள் தண்ணீரை ஓரமாகக் கொண்டுபோய் விட்டிருக்கின்றன. ஒரு முளைக்குச்சிகூடச் சாயவில்லை. அந்த ஆளும் வந்து நின்று பார்த்தார். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சொல்லவில்லை. இருமினார். அந்த இருமலை என்னால் மன்னிக்க முடியாது.

நான் செய்தது முட்டாள்தனம். சரிவில் கான் இல்லாமல் நடுவது முட்டாள்தனம் என்று எந்தக் கொழுந்துக்காரிக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கோபத்தில் நட்டால் இப்படித்தான்.

இதில் இன்னொன்று. தோட்டம் நட்டதல்ல என்று காட்டக் கரையில் இருந்ததே அந்த மூலை ஒன்றுதான். இனி வரும் அதிகாரிக்குக் காட்ட நாலுக்கு நாலு மட்டும்.

ஜூன் 12, செவ்வாய்

கடிதம். வியாழன் காலை பத்து மணிக்குக் காணி அதிகாரி நேரில் வருகிறார். தோட்டத்துக்கும் அறிவித்தாயிற்று.

முதலாளி, "வீரமுத்துவக் கொஞ்சம் பதமாப் பேசி வை. அவரத்தான் கேப்பாங்க" என்றார். போனேன். வாசலில் கோட்டைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். மனைவி உள்ளே அடுப்பை ஊதினாள்.

"நாளன்னிக்கு வந்து, தோட்டம் சொல்லி நடல, சிரமதானத்துக்கு நட்டோம்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

"தொரை முன்னுக்கா?"

"ஆமா."

"எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக, இன்னும் ஒரு வருசம் சர்வீசு பாக்கி. நீ தச்சுப் பொழச்சுக்குவ."

"அப்ப சும்மா நிப்பீங்களா?"

"கேட்டாப் பாப்பம்."

பார்ப்பார். தொரையின் காலைப் பார்ப்பார்.

ஜூன் 14, வியாழன்

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும். (வரிசை!)

காலை மப்பு, மழை இல்லை. முதலாளி கடையைப் பூட்டிவிட்டு வந்தார். ஒப்புக்கொள்கிறேன், வந்தார். சிறிசேன மாவுக் கையோடு. லயத்திலிருந்து பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், மலைக்குப் போகாமல், அரை நாள் போனாலும் போகட்டுமென்று. அம்மாவும். அவர்கள் வாச்சருக்குப் பயந்து பலகைக்கு அப்பால் நின்றார்கள்.

ஜீப்பில் தொரை. முன்பு வெள்ளைக்காரன், இப்போது நம் நாட்டான். சப்பாத்து அதேதான். பின்னால் கண்டாக்கு. காணி அதிகாரி ஒல்லியான மனிதர், யாழ்ப்பாணத்துப் பேச்சு, கூடவே நாடா பிடிக்க ஒரு ஆள்.

தொரை: "இது எங்க லேபர். எங்க கங்காணி. எங்க டூல்ஸ். வேலையைப் பாருங்க, இது டவுன் ஆளுங்க செய்ற வேலையா?"

அதிகாரி வரிசைகளைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

முதலாளி ஏதோ சொன்னார். சிறிசேன ஏதோ சொன்னார். நானும் கத்தினேன். அதிகாரி என்னைப் பார்த்து, "பிள்ளை, ஒராள் ஒராளாக் கதையுங்கோ" என்றார். பிறகு வீ.க.வைக் கூப்பிட்டார்.

"இந்தக் கண்டுகளை நட்டது நீரோ?"

"ஆமாங்க."

"தோட்டத்துக்காகவோ நட்டனீர்?"

வீ.க. தொரையைப் பார்த்தார். தொரை வானத்தைப் பார்த்தார்.

"தொரை என்னா சொல்றாரோ அது சரிங்க."

நினைத்தது நடந்தது. அதிகாரி பேனாவைத் திறந்தார். நான் மனதுக்குள் கெட்ட வார்த்தை சொன்னேன். எழுத முடியாதது.

அப்போது பலகைக்கு அந்தப் பக்கமிருந்து அம்மா. சத்தம் போடவில்லை. பீலியடியில் முறை கேட்பது போல.

"அவரு கயிறு புடிச்சாருங்க. வழி விட்டது நாங்க."

"என்ன வழி?"

"கல்லுக்குப் போற வழிங்க. ரெண்டு பேரு கொடத்தோட எதிர எதிர வந்தா ஒதுங்க எடம் வேணும்ல. நாலடியில எப்பிடிங்க ஒதுங்குறது? அவரு நுனியில நின்னு நூலத்தான் பாத்தாரு. அளவு கம்பு எங்க கையிலங்க."

செல்லம்மாக்கா: "நாலடிக் கம்ப ஒண்ணே முக்காத் தடவ வச்சோம்யா."

அதிகாரிக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. நாடா வைக்கச் சொன்னார். மேல் வரிசை. ஆள் கூவினான்: நாலு. நாலு. நாலு. நாலு. ஏழு. நாலு. அடுத்த வரிசை, அதே இடத்தில் ஏழு. அதற்கடுத்ததிலும் ஏழு. மேலிருந்து தண்ணீர் வரை, வரிசைக்கு வரிசை ஏழடி. கடைசி வரிசைக்குக் கீழே நேராகத் துவைக்கும் கல். வடக்குப் பக்கம் இன்னொரு வழி, அதுவும் ஒரு கல்லில்தான் முடிந்தது.

ஒரு மாதமாகப் பின்ஜன்னலில் உட்கார்ந்து பார்க்கிறேன். வரிசையை மட்டும் பார்த்திருக்கிறேன்.

பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. வீ.க. நாடாக்காரன் கையைத் தட்டிவிட்டு, தானே காலடி வைத்து அளந்தார். ஏழு. கீழே இறங்கி அளந்தார். ஏழு. முகம் கறுத்தது.

"எவடி செஞ்சா இத?"

"நாங்கதான் கங்காணி" என்றாள் செல்லம்மாக்கா.

"நான் போட்ட வரிசையில ஓட்டையா?" அதிகாரி பக்கம் திரும்பினார். "அய்யா, எழுதிக்கங்க. இது நான் போட்டது இல்ல."

தொரை: "கங்காணி, வாயை மூடு."

"இல்லைங்க தொரை. முப்பது வருசம். நான் நட்ட மலையில எந்த மூலையிலயாச்சும் ஏழடி காட்டுங்க, இந்தக் கோட்டக் கழட்டி ஓயாவுல போட்டுடறேன். இது தோட்ட வேலையே இல்லைங்க. தோட்டத்துல எவனாச்சும் இப்பிடி நடுவானா?"

கண்டாக்கு அவர் கோட்டைப் பிடித்து இழுத்தார். நிற்கவில்லை.

அதிகாரி: "இன்னொருக்காச் சொல்லும். இது தோட்ட வேலை இல்லையோ?"

"சத்தியமா இல்லைங்க. பொம்பளைக செஞ்ச வேல."

எழுதினார். வாசித்துக் காட்டினார். வீ.க. கோபத்தோடே பெருவிரலை மையில் அழுத்தி வைத்தார். தொரை அதற்குள் ஜீப்பில் ஏறியிருந்தார்.

முடிவு கடிதத்தில் வரும். அதுவரை கம்பி அடிக்கக் கூடாது, போகிற வருகிறவர்களைத் தடுக்கக் கூடாது என்று வாச்சரிடம் சொல்லிவிட்டு அதிகாரி போனார். போகும்போது அந்த ஏழடி வழியாகத்தான் இறங்கி ஓயாவில் கை கழுவினார்.

அம்மாவிடம்: "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்க கேட்ட? நீதான் மாசம் பூரா சத்தம் போட்டுக்கிட்டு இருந்தியே."

ஜூன் 16, சனி

தூறல். கடையில் வேலை கொட்டிக் கிடக்கிறது. முதலாளி எல்லோரிடமும் தான்தான் பேசி வென்றதாகச் சொல்கிறார். நான் பெடலை வேகமாக மிதித்தேன்.

வீ.க.விடமிருந்து ஆள் மேய்க்கும் வேலையைப் பறித்துவிட்டார்கள். நேற்றுப் பெரட்டில். கங்காணிக் கம்பைக் கண்டாக்கு வாங்கிக்கொண்டார். இன்று அவர் மற்ற ஆண்களோடு கான் வெட்டப் போனார், கோட்டோடு. பரிதாபப்பட வேண்டும் என்று தெரிகிறது. உண்மையைச் சொல்லியிருந்தாலும் இதே கதிதான். அதற்கு உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மலையில் பெண்கள் அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: ஏழடியார்.

ஜூன் 17, ஞாயிறு

வெயில். பல நாளைக்குப் பிறகு.

கடிதம் இன்னும் இல்லை. 14A பலகை இன்னும் நிற்கிறது. வாச்சர் இல்லை. பெண்கள் இறங்கிவிட்டார்கள். கற்களில் துணி அடிக்கும் சத்தம் காலையிலிருந்து. சிறிசேன பேக்கரி ஆட்களோடு வந்து நாவல் நிழல் தேடினார். நாவல் முழங்கால் உயரம். அதன் பக்கத்திலேயே குந்திக்கொண்டார்.

நான் கீழ்மூலைப் பள்ளத்தில் மண் போட்டுக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை கான் வெட்டினேன். யாரும் பார்க்காதபோது.

பத்து மணிக்கு வீ.க. வந்தார். தோளில் கயிறு. தோட்டத்துக் கயிறு இல்லை, சொந்தமாக வாங்கிய புதுக் கயிறு, கடைச்சிட்டு இன்னும் நுனியில் தொங்கியது. முளைக்குச்சி ஒரு கட்டு. நேரே மேல் வரிசைக்குப் போய்க் கயிற்றைக் கட்டி, ஏழடி இடைவெளியில் குழி வெட்டக் குனிந்தார்.

"என்னாங்க செய்றீங்க?"

"அடைக்கிறேன். மலையில தல காட்ட முடியல."

"அடைச்சா மறுபடி தோட்டமாயிரும்! ஒங்களுக்கு மண்டையில ஏறவே ஏறாதா?"

"ஆவட்டும். வேலைன்னா வேலையா இருக்கணும்."

நான் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எதற்கென்று தெரியாது. அதற்குள் அம்மா ஈரத்துணி வாளியோடு மேலே ஏறி வந்துவிட்டாள். ஏழடி வழியில் அவர் குனிந்து நின்றதால் அவளால் போக முடியவில்லை.

"ஒதுங்குங்க கங்காணி."

அவர் ஒதுங்கவில்லை. அம்மா வாளியைக் கீழே வைத்தாள். குச்சியிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு நுனியை மூங்கில் கன்றுக்கு ஊன்றிய கம்பில் கட்டினாள். மறுநுனியை இழுத்துக்கொண்டு போய் 14A பலகையின் காலில் கட்டினாள். முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

"நல்ல கயிறு" என்றாள்.

என் பாவாடை, தம்பி சட்டை, மலைக்கு இடுப்பில் கட்டும் இரண்டு சாக்குப் படங்கு, அவளுடைய மலைச் சேலை என்று ஒவ்வொன்றாக அதில் காயப்போட்டாள். பலகைமேல் விழுந்த சேலை 14A-யை மறைத்தது.